உம்மம்மாவின் கொப்பி எந்த மொழியில்?



சென்ற பாடசாலை விடுமுறைக்குப் பேத்தி பசறைக்கு வந்திருந்தாள். பதினான்கு வயது. வந்து இறங்கிய மறுநாளே ஒரு சின்னக் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். பக்கம் பக்கமாக வட்டமும் கொக்கியும் ஏணியும் போலக் கீறல்கள்.

"அப்பா, இது நான் உண்டாக்கின பாஷை. நானாவுக்குக் கூட வாசிக்க ஏலாது" என்றாள். (எங்கள் வீட்டில் பாட்டனாரை அப்பா என்றுதான் அழைப்பது.)

சிரிக்காமல் கேட்டேன். "சரி மகள், பூனைகள் வீட்டுக்குப் போயின என்பதை உன் பாஷையில் எழுது பார்ப்போம்." விறுவிறு என்று எழுதினாள். ஒவ்வொரு கீறலாக விளக்கச் சொன்னேன். இது 'பூ', இது 'னை', இது 'க', இது 'ள்' என்று சொல்லிக்கொண்டே போனாள். பன்மைக்குக் 'கள்' அப்படியே இருந்தது. 'வீடு' என்பது 'வீட்டு' ஆகி, பின்னால் 'க்கு' வந்து ஒட்டியிருந்தது. வினைச்சொல் கடைசியில் நின்றது.

"அப்படியென்றால் இது புதிய பாஷை இல்லையே. தமிழுக்குப் புதிய உடுப்பு அல்லவா போட்டிருக்கிறாய்?" என்றேன். பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவளைத் தேற்றுவதற்காக ஸாமென்ஹோஃப் என்ற கண் வைத்தியரின் கதையைச் சொன்னேன். போலந்து நாட்டுக்காரர். உலகத்தார் எல்லாரும் பொதுவாகப் பேசிக்கொள்ள ஒரு மொழி வேண்டும் என்று தாமே ஒன்றை உண்டாக்கி, 1887ஆம் ஆண்டு வார்சா நகரில் நூலாக வெளியிட்டார். அதுதான் எஸ்பெராண்டோ. அதற்குப் பதினாறே பதினாறு இலக்கண விதிகள். பெயர்ச்சொல் எல்லாம் 'ஓ'வில் முடியும். பன்மை என்றால் 'ய்' சேரும். 'அமிகோ' நண்பன், 'அமிகோய்' நண்பர்கள். ஒரு விதிவிலக்குக் கூடக் கிடையாது. எழுதுவது போலவே வாசிக்கலாம். அவர் எழுத்தைப் பெரும்பாலும் இருந்தபடி விட்டுவிட்டு, சொல்லையும் இலக்கணத்தையும் உண்டாக்கினார். நம் பேத்தி இலக்கணத்தை விட்டுவிட்டு எழுத்தை உண்டாக்கியிருக்கிறாள். முன்னது மொழி, பின்னது எழுத்து. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

வராந்தாவில் சாய்ந்திருந்த என் உம்மா (எண்பத்தைந்து வயதாகிறது, காது மட்டும் நல்ல கூர்மை) இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இப்படித்தான் எங்கட உம்மாவும் ஆருக்கும் விளங்காத எழுத்தில எழுதி எழுதி வைப்பா."

எனக்கு அடி வயிற்றில் ஏதோ செய்தது. ஏனென்று சொல்கிறேன்.

1998ஆம் ஆண்டு எங்கள் வீட்டுத் தகரக் கூரையைக் கழற்றித் திருத்தினோம். அப்போது உம்மம்மாவின் பெட்டகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. பழைய துணியில் சுற்றிய கொப்பிகள், தனித் தாள்கள். எல்லாம் அரபெழுத்து. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. உம்மம்மா கண்மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. நான் ஒரு தாளை எடுத்து ஓதிப் பார்த்தேன். வசனம் ஓடவில்லை. குர்ஆனும் இல்லை, துஆவும் இல்லை. ஆனாலும் அரபெழுத்து அல்லவா? காலில் படக்கூடாது, குப்பையில் போகக்கூடாது. பழுதான முஸ்ஹபுத் தாள்களுக்குச் செய்வதைப் போல, மரியாதையோடு மையவாடிக்குக் கொண்டுபோய் ஒரு மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம். நன்மையான காரியம் செய்த திருப்தியோடு வீடு திரும்பினேன்.

ஒரே ஒரு கொப்பி தப்பியது. அது தையல் சாமான் கிடந்த பிஸ்கட் டின்னுக்குள் இருந்ததால் தப்பியது. பிறகு அதைக் கண்டெடுத்தவர்கள் உறை போட்டு அலுமாரியின் மேல் தட்டில், முஸ்ஹபுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒருவரும் திறக்கவில்லை. மரியாதை என்ற பெயரில் நாம் செய்யும் காரியங்களில் இதுவும் ஒன்று.

அன்று பேத்தி அடம்பிடித்ததால் கொப்பியை இறக்கினோம். நான் முதல் வரியை, அரபு ஓதுவது போலவே ஓதினேன்.

"ஃபால் ரெண்டு ஃபோத்தல்..."

உம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்ன வாப்பா ஓதுறாய்? அது பால்! பால் ரெண்டு போத்தல்!"

ஆம், வாசகர்களே! குர்ஆன் தாள் என்று நான் நினைத்தது பால் கணக்கு. உம்மம்மா வீட்டில் மாடு வைத்திருந்தார். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்குப் பால் கொடுத்தார். 'மேல் லயத்துப் பிள்ளைக்காரி, அரைப் போத்தல், காசு இல்லை' என்று ஒரு வரி. 'சம்பளத்துக்குத் தருவாள்' என்று அடுத்த வரி. இரண்டு மூன்று இடங்களில் கணக்கின் மேல் கோடு இழுத்திருக்கிறது. பணம் வந்ததா, விட்டுக்கொடுத்தாரா என்று யாருக்குத் தெரியும்? அவர் விட்டுக்கொடுத்திருப்பார் என்றே உம்மா சொல்கிறார்.

இதுதான் அரபுத்தமிழ். நம்மில் முதியவர்கள் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இளையவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டீர்கள். நான் அதை ஒழுங்காகப் படிக்கப் பதுளையிலுள்ள வயது முதிர்ந்த ஆலிம் ஒருவரிடம் போனேன். நான்கு பின்னேரம் போதுமாக இருந்தது. "குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் கதைக்கத் தெரியும். பிறகு என்ன இருக்கு படிக்க? புள்ளியை மட்டும் பார்" என்றார் அவர்.

அந்தப் புள்ளியைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அரபியில் 'ப' கிடையாது. ட கிடையாது, ண கிடையாது, ங கிடையாது. எ, ஒ என்ற உயிர்களும் இல்லை. தமிழை அரபெழுத்தில் எழுத உட்கார்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? இருக்கும் எழுத்திலேயே புள்ளியைக் கூட்டினார்கள். 'ஃபே' எழுத்துக்கு மேலே ஒரு புள்ளி இருக்கிறதல்லவா? கீழேயும் ஒரு புள்ளி வைத்தால் 'ப'. நான் 'ஃபால்' என்று ஓதியது அந்தக் கீழ்ப்புள்ளியைக் கவனிக்காததால். 'நூன்' எழுத்தின் கீழே புள்ளி வைத்தால் 'ண'. 'தால்' எழுத்தின் கீழே வைத்தால் 'ட'. 'காஃப்' எழுத்தின் கீழே வைத்தால் 'தங்கம்' என்பதில் வருகிற மெல்லிய 'க'. 'அய்ன்' எழுத்தின் கீழே மூன்று புள்ளி வைத்தால் 'ங'. 'பணம்' என்று எழுத வேண்டுமா? கீழ்ப்புள்ளியுள்ள ஃபேக்கு ஸபர், கீழ்ப்புள்ளியுள்ள நூனுக்கு ஸபர், மீமுக்கு ஸுக்கூன். முடிந்தது.

எ, ஒ இரண்டுக்கும் செய்த உபாயம் இன்னும் அழகு. 'உ' ஒலிக்குப் போடும் பேஷ் குறியைத் தலைகீழாகத் திருப்பினார்கள். எழுத்தின் மேலே திருப்பிப் போட்டால் 'ஒ', கீழே போட்டால் 'எ'. 'பொன்' என்றால் ஃபேயின் தலைமேல் திரும்பிய பேஷ். 'ரெண்டு' என்றால் ரேயின் காலடியில். இரட்டிக்கும் எழுத்துக்கு, 'பத்து' 'அம்மி' போன்ற சொற்களுக்கு, ஷத்து இருக்கவே இருக்கிறது. நெடிலுக்கு அலிஃபும் யேயும் வாவும். உருது வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஸபர், ஸேர் எல்லாம் பெரும்பாலும் போடுவதில்லை. சொல்லைத் தெரிந்தவன்தான் வாசிக்க முடியும். அரபுத்தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறி உண்டு. ஊகிக்க வேண்டியதே இல்லை. ஏட்டுக்கு ஏடு, எழுதியவருக்கு எழுதியவர் புள்ளி கொஞ்சம் இடம் மாறும் என்பது உண்மை. எங்கள் உம்மம்மாவே அவசரத்தில் சில இடங்களில் புள்ளியை விட்டிருக்கிறார். இரண்டு பக்கம் வாசித்தால் அவர் கை பழகிவிடும்.

இதில் பெரிய நுட்பம் ஒன்று இருக்கிறது. தமிழ்ச் சொல்லை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அரபுச் சொல்லை அரபியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதினார்கள். ஒரே வரியில் இரண்டு முறை. இதன் பயன் என்ன தெரியுமா? நம் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கரீம், காதர், காலித், கனி. தமிழில் நான்கும் 'க'வில் தொடங்குகின்றன. அரபியில் கரீமுக்குக் காஃப், காதருக்குக் காஃபின் மூத்த சகோதரனான அந்த அடித்தொண்டை எழுத்து, காலிதுக்குக் 'ஹே'யை ஒட்டிய காறும் எழுத்து, கனிக்கு 'கைன்'. நான்கும் வெவ்வேறு. தமிழெழுத்தில் 'கல்ப்' என்று எழுதினால் அது உள்ளமா, நாயா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அரபியில் முதலெழுத்து மாறினால் பொருளே மாறிவிடுகிறது. மார்க்க விஷயம் எழுதுகிறவர் இதற்குப் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

இதே சிக்கல்தான் இன்று வேறு வடிவத்தில் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. நாம் இலங்கையில் 'ரமழான்', 'பர்ழு', 'வுழூ' என்று ழகரம் போடுகிறோம். கடலுக்கு அப்பால் 'ரமலான்' என்றும் 'ரமளான்' என்றும் எழுதுகிறார்கள், 'ஒளு' என்கிறார்கள். இரண்டும் 'ளாத்' என்ற ஒரே அரபெழுத்தைத் தமிழில் பிடிக்கச் செய்யும் முயற்சி. எது சரி என்று சண்டை பிடிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். தமிழில் அந்த ஒலி இல்லாதபோது எது சரியாக முடியும்? ஓர் ஊர் ஒரு வழக்கத்தை ஒப்புக்கொள்கிறது, அவ்வளவுதான். என் சொந்தப் பெயரே பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, பாடசாலைச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்க நான் அலைந்த அலைச்சல் தனிக் கட்டுரை.

இனி இலக்கணத்துக்கு வருவோம். பேத்தியின் கொப்பிக்கு வைத்த அதே சோதனையை உம்மம்மாவின் கொப்பிக்கும் வைத்துப் பாருங்கள். கிதாபு என்பது அரபுச் சொல். ஆனால் அரபுத்தமிழில் அது 'கிதாபை', 'கிதாபுக்கு', 'கிதாபில்' என்று தமிழ் வேற்றுமை ஏற்று நடக்கிறது. அரபியில் கிதாபுக்குப் பன்மை 'குதுபு'. நம் ஏட்டிலோ 'கிதாபுகள்'. வினைச்சொல் விஷயத்தில் தமிழ் இன்னும் கண்டிப்பு. அரபு வினை அப்படியே உள்ளே வந்து தமிழ் விகுதி பெறுவதில்லை. பெயராக வந்து வாசலில் நிற்க வேண்டும். 'செய்', 'ஆகு', 'வை' என்று ஒரு தமிழ் வினை கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும். தௌபா செய்தான், நிய்யத்து வைத்தாள், வஃபாத்தானார். இன்றும் நாம் கதைப்பது இப்படித்தானே!

ஆகவே, அரபுத்தமிழ் தனி மொழி, கலப்பு மொழி, உண்டாக்கிய மொழி என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. எழுத்து உண்டாக்கியது, மொழி தமிழ். இதற்கு 'அர்வி' என்று ஒரு பெயரும் உண்டு. தெலுங்கர் தமிழை 'அரவம்' என்பார்கள். அர்வி என்பதும் அதோடு உறவுள்ள சொல், அதன் பொருளே தமிழ்தான் என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். பெயரிலேயே பதில் இருக்கிறது!

"உண்டாக்கிய எழுத்துத்தானே" என்று இலேசாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த எழுத்துத்தான் உண்டாக்காதது? எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வேறுபாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வகுத்துத் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். நான் முதலாம் வகுப்பில் 'லை' எழுதும்போது யானைத் தும்பிக்கை போலக் கொம்பு போட்டுத்தான் எழுதினேன். தமிழ்நாட்டு அரசு 1978இல் அந்தக் கொம்பை எடுத்தது. மெல்ல மெல்ல நம் அச்சுக்கும் அது வந்தது. பேத்திக்குப் பழைய 'லை'யைக் காட்டினால் அதுவும் இரகசிய எழுத்து என்றே நினைப்பாள்.

பால் கணக்கு மட்டும்தானா அரபுத்தமிழில் இருந்தது என்று கேட்பீர்கள். இல்லை. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம், இமாமுல் அரூஸ் என்று நம் முன்னோர் மதித்த பெரியார், அரபுத்தமிழில் எழுதிய 'மஃகானி', 'பத்ஹுத் தைய்யான்' ஆகிய நூல்கள் இலங்கையிலும் வீடு வீடாக ஓதப்பட்டன. அவர் நம் நாட்டுக்குப் பலமுறை வந்து போனவர். தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் சட்டமெல்லாம் பாமரரும் விளங்கும்படி அந்நூல்களில் இருந்தன. 'பத்ஹுத் தைய்யான்' 1963இல் கொழும்பில் ஆங்கிலத்தில் வெளியானது. தமிழ் அறிந்தவரின் நூல் தமிழ் அறிந்தவருக்கே வாசிக்க முடியாமல் போய், ஆங்கிலத்தின் வழியே திரும்பி வந்தது! அந்தக் காலத்தில் இவ்வெழுத்துக்கு ஈய அச்சு எளிதில் கிடைக்காததால் கையால் எழுதிக் கல்லச்சில் அடித்தார்கள். தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெரிய ஆய்வு நூலில் ஸரந்தீபிலும் தமிழ்நாட்டிலும் தோன்றிய இத்தகைய ஏடுகளைத் திரட்டித் தந்திருக்கிறார். பாணந்துறையைச் சேர்ந்த நம் பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கே ஆயுளைக் கொடுத்தவர்.

இரகசியத்துக்காகவா இப்படி எழுதினார்கள் என்று பேத்தி கேட்டாள். இல்லை. அந்தக் காலத்துப் பெண் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே பள்ளிக்கூடம் ஓதப்பள்ளி. அங்கே லெப்பையிடம் அலிஃப், பே படித்தாள். தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அவளுக்குத் தெரிந்த எழுத்து அரபு, தெரிந்த மொழி தமிழ். இரண்டையும் சேர்த்தாள். அவள் எழுத்தறியாதவள் என்று குடிசன மதிப்புக்காரர் எழுதிக்கொண்டு போயிருப்பார். எழுத்தறியாதவளா? பால் கணக்கு எழுதினாள், கடிதம் எழுதினாள், பிள்ளை பிறந்த நாளைக் குறித்தாள். வாசிக்கத் தெரியாமல் போனது நமக்குத்தான்.

ஏன் போனது? நல்ல காரணத்தால்தான் போனது. கண்டியில் எம். சி. சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, நம்மவர் நவீன கல்வி கற்க வேண்டும் என்று எழுதினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. பெண் பிள்ளைகளும் பாடசாலைக்குப் போனார்கள். தமிழெழுத்தில் புத்தகம் மலிந்தது. என் உம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தார், தமிழ் வாசித்தார், ஆகவே தன் தாயின் கையெழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு தலைமுறை இடைவெளி. அவ்வளவே போதுமாக இருந்தது.

மற்ற நாடுகளில் இப்படி இல்லையா? இருக்கிறது. மலாய் மொழியை அரபெழுத்தில் எழுதும் ஜாவி இன்றும் வழக்கில் உண்டு. நம் இலங்கை மலாய்ச் சகோதரர்களும் அவ்வாறே எழுதினார்கள். 1869இல் கொழும்பிலிருந்து 'ஆலமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையே அந்த எழுத்தில் வந்திருக்கிறது. அவர்களின் வீடுகளிலிருந்த பழைய ஏடுகள் பல, பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, வீட்டாரிடமே இருக்கவிட்டுப் படம் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கேரளத்தில் அரபு மலையாளம். பொஸ்னியாவில் பொஸ்னிய மொழி. ஸ்பெயினில் ஸ்பானிய மொழியையே அரபெழுத்தில் எழுதிய முஸ்லிம்கள் இருந்தார்கள். 1609 முதல் அவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். 1884இல் அரகோன் பகுதியில் அல்மொனசித் என்ற ஊரில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பலகைத் தளத்துக்கு அடியில் ஒளித்து வைத்த அவர்களின் ஏடுகள் குவியலாக வெளிவந்தன. என்னவென்று தெரியாமல் சிலவற்றை நெருப்பில் போட்டுவிட்டார்கள். மீதியைக் கொண்டுதான் அறிஞர்கள் அந்த மக்களின் வாழ்க்கையை அறிகிறார்கள்.

அதை வாசித்தபோது எனக்கு மையவாடி மரத்தடி ஞாபகம் வந்தது. அவர்கள் அறியாமையால் எரித்தார்கள். நான் மரியாதையால் புதைத்தேன். தாளுக்கு இரண்டும் ஒன்றுதான். மலைநாட்டு மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்; தோண்டினாலும் இனி ஒன்றும் இருக்காது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் பெட்டகத்தில், அலுமாரித் தட்டில், பரணில் இப்படி அரபெழுத்துத் தாள் இருக்கலாம். புதைக்க முன், ஓயாவில் விட முன், கொஞ்சம் ஓதிப் பாருங்கள். அரபாக வசனம் ஓடாவிட்டால் வாய்விட்டு, சத்தமாக, மூத்தவர் ஒருவர் காதில் விழ ஓதுங்கள். ஃபேயின் கீழே புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நாம் ஓதும் முஸ்ஹபில் அந்தப் புள்ளி வராது. வந்தால் அது தமிழ். கையடக்கத் தொலைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு புதைப்பதானால் புதையுங்கள். கணினியில் இவ்வெழுத்தை அடிக்க முடியாதே என்று கவலைப்படவும் வேண்டாம். உலகப் பொது எழுத்துத் தொகுப்பான யூனிகோடில் 2015இல் அந்த மூன்று புள்ளி அய்னும், கீழ்ப்புள்ளிக் காஃபும், கீழே போடும் திரும்பிய பேஷும் இடம் பெற்றுவிட்டன.

எங்கள் கொப்பியில் பால் கணக்கு முப்பது பக்கத்துக்கு மேல் போகிறது. பிறகு கை மருந்து சில. அதற்குப் பிறகு பிள்ளைகளின் பிறப்பு. உம்மா, மாமாமார், சாச்சிமார் என்று எங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும் என்று நினைத்து வாசித்தேன். முதல் வரி வேறு மாதிரி இருந்தது. ஹிஜ்ரி 1357 றஜப் மாதம், வெள்ளி இராவு, மூத்த பெண் பிள்ளை பிறந்தது. நாற்பது கழிய முன் வஃபாத்தாகிவிட்டது. மையவாடியில் மேல் வேலி ஓரம். கணக்குப் பார்த்தால் அது 1938, ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர். என் உம்மா பிறந்தது 1940. எண்பத்தைந்து வருடமாக வீட்டின் மூத்த பிள்ளை தான்தான் என்றே இருந்தவர்.

உம்மா எதுவும் பேசவில்லை. திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "மகள், அதை நம்மட எழுத்தில எழுதித் தா" என்றார்.

அவள் தன் கொக்கி வட்டக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத் தமிழில் எழுதினாள். 'பெண்', 'பிள்ளை', 'பிறந்தது' எல்லாம் எழுதிவிட்டு, ஓரிடத்தில் பேனையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, வஃபாத்து என்ற சொல்லில மட்டும் ஃபேக்குக் கீழ புள்ளி இல்லை."

"அது அரபுச் சொல், மகள். அப்படித்தான் எழுதுவது" என்றேன்.

தலையாட்டிவிட்டு, ஆய்த எழுத்துப் போட்டு எழுதி முடித்து, தாளைக் கொண்டுபோய்க் கொள்ளும்மாவின் மடியில் வைத்தாள்.